நினைவிழந்தோர் மறுவாழ்வு: எல்லைப்புற ஊராட்சிகளின் தேவை

கேரள மாநிலத்தின் கிழக்கு எல்லையில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ளது எருத்தேன்பதி ஊராட்சி. 1956-ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பை அடுத்து, 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு மாவட்டம் உருவாக்கப்பட்டபோது சித்தூர் வட்டம் அதன் பகுதியாயிற்று. கேரளத்தின் பிற பகுதிகளோடு ஒப்பிடுகையில் இங்கு மழை குறைவு. தென்னந்தோப்புகளும் புன்செய் நிலங்களும் நிறைந்த இவ்வட்டத்திலிருந்துதான் மாநிலத்தின் பல மாவட்டங்களுக்கும் தென்னங்கள் செல்கிறது. இல்லங்களில் தமிழும் அலுவலகங்களில் மலையாளமும் பெருவழக்காக உள்ளன. சந்தைக்கும் மருத்துவத்துக்கும் மக்கள் ஒருபுறம் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும், மறுபுறம் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் செல்கின்றனர். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலுள்ள தோட்டத் தொழிலாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் தேனிக்கும் மதுரைக்கும் இறங்குவர். சிலர் கோட்டயத்துக்குச் செல்வர்.

இத்தகைய ஊரை முன்னிறுத்தி, நம் நாட்டின் திட்டமிடலில் போதிய கவனம் பெறாத ஒரு பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது. தலையில் பலத்த காயமுற்று உயிர் பிழைத்தவர்களின் நினைவாற்றலை இயன்றவரை மீட்பதும், மீளாத பகுதியை ஈடுசெய்து அவர்கள் வாழவும் உழைக்கவும் வழிசெய்வதுமே அப்பொருளாகும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

பொருளாதாரப் பாடத்தில் ‘என்று கொள்வோம்’ எனத் தொடங்கி ஒரு கருத்தை விளக்கும் வழக்கம் உண்டு. இங்கும் அவ்வாறே ஒரு குடும்பத்தைக் கொள்வோம். கணவர் நாற்பது வயதினர், கள்ளிறக்கும் தொழிலாளி. மனைவி தோட்டக் கூலி வேலைக்குச் செல்பவர். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். ஒரு நாள் காலை கணவர் மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபடுகிறார். அறுவை சிகிச்சை நடைபெறுகிறது. மூன்று வாரம் கழித்து வீடு திரும்புகிறார். கைகால்கள் நன்றாக உள்ளன, பேச்சும் உள்ளது. ‘ஆள் தப்பித்துவிட்டார்’ என ஊரார் மகிழ்கின்றனர்.

வீட்டில் நிலை வேறு. காலையில் உண்டதை அவர் பத்து மணிக்கு அறியார். கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்கிறார். வலிப்பு வராமல் தடுக்கும் மாத்திரையை எடுத்தாரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. ஆகவே சில நாள் இருமுறை உட்கொள்கிறார், சில நாள் உட்கொள்வதேயில்லை. பிறர் சுட்டிக்காட்டினால் சினம் கொள்கிறார். அவரைத் தனியே விட அஞ்சி மனைவி வேலையை விடுகிறார். மருத்துவமனையின் பதிவேட்டில் காயமுற்றவர் ஒருவரே. குடும்பத்தின் வருவாய்க் கணக்கிலோ இருவருடைய கூலி நின்றுவிட்டது. பிள்ளைகளில் மூத்தவர் படிப்பை நிறுத்தும் நிலை வருமாயின் மூன்றாவது இழப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தகையோர் எத்தனை பேர் என்பதை நம் புள்ளிவிவரங்களிலிருந்து அறிவது அரிது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். 4,43,366 பேர் காயமுற்றனர். மாண்டோரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். காயமுற்றோரைக் கொடுங்காயம், சிறுகாயம் எனப் பிரிப்பதோடு அவ்வறிக்கை நின்றுவிடுகிறது. மரத்திலிருந்து விழுந்தோரும் கட்டடத்திலிருந்து விழுந்தோரும் அதில் இடம்பெறார்.

நாற்பத்தெட்டு மணியும் இரண்டு ஆண்டும்

உயிர் காக்கும் சிகிச்சைக்கு அரசுகள் அண்மைக் காலத்தில் செய்துள்ள ஏற்பாடுகள் பாராட்டத்தக்கவை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், அம்மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்குவோர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை வழங்குகிறது. தொடக்கத்தில் இதன் வரம்பு ரூ. 1 லட்சம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்துக்குள்ளானோர் விபத்து நேர்ந்த நாள் முதல் 7 நாள் வரை ரூ. 1.5 லட்சத்துக்குக் கட்டணமற்ற சிகிச்சை பெறலாம். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவு ஏற்கப்படுகிறது. ஒரு மாநிலத்தின் பயனாளி மற்றொரு மாநிலத்திலும் இதனைப் பயன்படுத்தலாம் என்பது எல்லைப்புற மக்களுக்குப் பெரும் வசதி. மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் 15 நாள் வரையிலான செலவும் இதில் அடங்கும். கேரளத்தில் இது 2019 முதல் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா திட்டத்தோடு இணைந்து செயல்படுகிறது.

48 மணி, 7 நாள், 15 நாள் என்னும் இவ்வளவுகளை, காயமுற்ற மூளை எடுத்துக்கொள்ளும் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலத்த தலைக்காயத்துக்குப் பின் முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பின் வேகம் குறைந்தாலும், இரண்டு ஆண்டு வரையிலும் அதற்கு அப்பாலும்கூட முன்னேற்றம் காணப்படுவதுண்டு. நம் செலவுத் திட்டங்கள் முடிவுறும் நாளில்தான் நினைவாற்றல் மறுவாழ்வு என்னும் பணி தொடங்குகிறது. மேற்கூறிய குடும்பத்தின் நிலையில் இன்னொன்றும் உண்டு: மரத்திலிருந்து விழுவது சாலை விபத்தன்று, ஆகவே முதலிரண்டு திட்டங்களும் அவருக்குப் பொருந்தா.

நினைவின் வகைகள்

நினைவு என்பதை ஒரே ஆற்றலாகக் கருதுவது பொதுவழக்கு. மருத்துவ ஆய்வுகள் அது பல ஆற்றல்களின் தொகுதி எனக் காட்டுகின்றன. நேற்று நடந்ததை நினைவுகூர்தல் ஒன்று. ‘பாலக்காடு கேரளத்தில் உள்ளது’ போன்ற பொது அறிவு மற்றொன்று. மிதிவண்டி ஓட்டுவது போன்ற செயல்திறன் வேறொன்று. மாலையில் செய்ய வேண்டியதை மாலையில் நினைவுகூர்தல் இன்னுமொன்று. காயம் இவையனைத்தையும் ஒரே அளவில் தாக்குவதில்லை.

இவ்வேறுபாட்டை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் ஓர் அமெரிக்க நோயாளி. மருத்துவ இலக்கியத்தில் ‘எச்.எம்.’ என அறியப்பட்ட அவருக்கு 1953-இல், வலிப்பு நோயைத் தணிப்பதற்காக, மூளையின் இருபுறப் பொட்டுமடல்களின் உட்பகுதி அகற்றப்பட்டது. கடற்குதிரை வடிவம் கொண்டிருப்பதால் ஹிப்போகாம்பஸ் எனப் பெயர்பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதில் நீங்கிற்று. அதன் பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆயினும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திர வடிவை வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார். முந்தைய நாள் அப்பயிற்சியைச் செய்ததே அவருக்கு நினைவில்லை, கையோ கற்றுக்கொண்டுவிட்டது. பிரெண்டா மில்னர் 1962-இல் வெளியிட்ட இவ்வுண்மை நினைவாற்றல் மறுவாழ்வுக்கு அடித்தளமாயிற்று எனலாம்.

நம் கள்ளிறக்கும் தொழிலாளியிடமும் இதனைக் காணலாம். பாளை சீவும் கத்தியைக் கையில் கொடுத்தால் எந்தச் சாய்வில் எவ்வளவு சீவ வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். இன்று காலை இதே பாளையைச் சீவியாயிற்று என்பதுதான் தெரியாது. நெடுநாளைய நினைவுகள் அண்மை நினைவுகளைவிட உறுதியாக நிற்கும் என 1881-இல் பிரெஞ்சு அறிஞர் ரீபோ கூறியதற்கிணங்க, தம் திருமணத்தை அவர் விரிவாகச் சொல்வார். விபத்துக்கு முந்தைய வாரம் மங்கலாக இருக்கும்.

தலையில் அடிபடும்போது மூளை மண்டையோட்டின் உட்புற எலும்பு விளிம்புகளில் மோதுகிறது. நெற்றிமடலின் அடிப்பகுதியும் பொட்டுமடல்களின் முனைகளும் பெரிதும் ஊறுபடுகின்றன. நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. மூளைக்குச் செல்லும் உயிர்க்காற்று குறைந்தால் முதலில் நலிவனவற்றுள் ஹிப்போகாம்பஸும் ஒன்று. ஆகவே அடிபட்டவரை விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது உயிரோடு நினைவையும் காப்பதாகும்.

காயத்தின் கடுமையை அளக்க 1974-இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் ஆகியோர் வகுத்த உணர்வுநிலை அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. நினைவாற்றலைப் பொறுத்தவரை அதனினும் எளிய குறியீடு ஒன்றுண்டு. அடிபட்ட நேரம் முதல், நாள் நிகழ்ச்சிகள் தொடர்ச்சியாக நினைவில் தங்கத் தொடங்கும் வரையிலான காலமே அது. பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சி ரசல் 1932 முதல் இதனை வலியுறுத்தினார். இக்காலம் ஒரு மணிக்குக் குறைவாயின் காயம் இலேசானது. ஒரு நாளைக் கடந்தால் கடுமையானது. ஏழு நாளைக் கடந்தால் மிகக் கடுமையானது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா; அருகிருந்து கவனித்த மனைவியே நாட்களை எண்ணிச் சொல்லிவிடுவார். வெளியேற்றச் சீட்டில் இவ்வொரு வரி இடம்பெறுமாயின், பின்னர்ச் சான்றிதழ் வழங்குவோருக்கும் இழப்பீடு கணக்கிடுவோருக்கும் பெரிதும் உதவும்.

போர்க்களங்களில் தோன்றிய துறை

மூளைக்காய மறுவாழ்வு என்னும் துறை இரு உலகப்போர்களில் வளர்ந்தது. முதற்போரின்போது பிராங்பர்ட் நகரில் குர்ட் கோல்டுஸ்டீன் காயமுற்ற படைவீரர்களுக்கென ஒரு நிலையத்தை நடத்தினார். இரண்டாம் போரில் யூரல் மலைப்பகுதியில் அலெக்சாண்டர் லூரியாவும், ஸ்காட்லாந்தில் ஆலிவர் சாங்வில்லும் இப்பணியை மேற்கொண்டனர். 1943-இல் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டடிபட்ட வீரர் ஒருவர், சிதறிய தம் நினைவுகளை ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதி எழுதிச் சேர்த்த 3,000 பக்கங்களை அடிப்படையாகக் கொண்டு லூரியா 1971-இல் ஒரு நூல் வெளியிட்டார். நாளொன்றுக்கு அரைப்பக்கம்கூட அவ்வீரருக்கு அரும்பாடாயிருந்தது. எழுத வேண்டிய சொல் கிடைக்குமுன் எழுத வந்த எண்ணம் மறைந்துவிடும்.

இழந்த திறனை நேரடியாகப் பயிற்றுவித்தல், எஞ்சிய திறன்களைக் கொண்டு அதே செயலை வேறுவழியில் செய்தல், குறையை ஏற்று அதற்கு ஈடுகொடுத்து வாழ்தல் என மூன்று வழிகளை 1947-இல் சாங்வில் பிரித்துக் காட்டினார். அதன் பின் வந்த ஆய்வுகள் நினைவாற்றலைப் பொறுத்தவரை முதல்வழியால் பெரும் பயன் விளைவதில்லை எனத் தெரிவிக்கின்றன. சொற்பட்டியல்களை நாள்தோறும் மனப்பாடம் செய்பவர் அப்பட்டியலில் தேறுவார். மாத்திரையை மறப்பது நிற்காது. நினைவு தசையன்று, பயிற்சியால் மட்டும் பருப்பதற்கு. நினைவாற்றல் தைலம், லேகியம் என விற்கப்படுபவற்றில் குடும்பங்கள் பணத்தை இழப்பதை இங்கு வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது.

ஈடுசெய்யும் வழியின் பயன் நிலைநாட்டப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழுவினர் 143 பேரைக் கொண்டு நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், குறித்த நேரத்தில் ஒலித்துச் செய்தி காட்டும் சிறு பேஜர் கருவியைப் பயன்படுத்தி, ஆய்வை நிறைவு செய்தோரில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அன்றாடப் பணிகளைக் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்ட முறையில் செய்தனர். இன்று நம் சிற்றூர்களில் புழங்கும் கைப்பேசி அப்பணியை அதனினும் நன்றாகச் செய்யவல்லது.

நம் நாட்டில் நரம்பு அறுவை மருத்துவம் 1949-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியாலும், அடுத்த ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியாலும் தொடங்கப்பெற்றது. விபத்தில் தண்டுவடம் ஊறுபட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் அவர்களின் முயற்சியால் வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் அமைந்தது. சண்டீகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் 1977-இல் இந்தியருக்கென நினைவாற்றல் அளவை ஒன்று உருவாயிற்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004-இல் இந்திய மக்களுக்கேற்ற நரம்பு உளவியல் சோதனைத் தொகுதியை வெளியிட்டது. திருச்சூர் மாவட்டம் கல்லேட்டுங்கரையில் மறுவாழ்வு நிறுவனம் ஒன்று இயங்குகிறது. அறிவும் நிலையங்களும் நம்மிடம் உள்ளன. அவை எருத்தேன்பதியை எட்டும் வழியே வேண்டப்படுவது.

வீட்டில் செய்யத்தக்கவை

வீட்டுக்கு நலம் விசாரிக்க வரும் உறவினர் முதலில் கேட்பது, ‘என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்க்கலாம்’ என்பதே. அன்பினால் கேட்கப்படும் இக்கேள்வி தீங்கு செய்வது. நினைவு குன்றியவர் ஊகித்து ஒரு விடை கூறுகிறார். அது தவறு எனத் திருத்துகின்றனர். திருத்தியது மறந்துபோகிறது, கூறிய தவறான விடையோ உள்ளே பதிந்துவிடுகிறது. அடுத்த முறையும் அதுவே நாவில் வருகிறது. 1994-இல் பேட்லி, வில்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிசெய்தது. விடையை முதலில் தாமே சொல்லி, பிறகு சொல்லச் செய்வதே முறை. ‘நான் உன் சின்ன மாமா, வண்ணாமடையிலிருந்து வந்திருக்கிறேன்’ எனத் தொடங்க வேண்டும். ‘பிழையின்றிக் கற்றல்’ எனப்படும் இம்முறைக்குப் பணச்செலவு இல்லை. வருவோர் அனைவருக்கும் சொல்லிவைக்கும் பொறுமைதான் வேண்டும்.

இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி நினைவுகூரச் செய்வது மற்றொரு முறை. ‘மாத்திரை அடுக்களைச் சன்னல் மேல் இருக்கிறது’ என்று சொல்லி, அரை நிமிடம் கழித்துக் கேட்பது. பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம், எட்டு நிமிடம் எனக் கேட்பது. தவறினால் உடனே விடையைச் சொல்லி முந்தைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். சமையல் செய்துகொண்டே இப்பயிற்சியை நடத்தலாம். ஒரு வேளையில் ஒரு செய்தி போதும்.

மூன்றாவது, புறத்துணைகள். சாவி, கைப்பேசி, மாத்திரை, துண்டு ஆகியவற்றுக்கு மாறாத இடம் இருக்க வேண்டும். நம் வீடுகளில் தொங்கும் தினசரிக் காலண்டர் இதற்கு நல்ல கருவி. அன்றைய தாளில் அன்றைய மாத்திரையை ஒட்டி வைத்தால், மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதே எடுத்தோமா என்ற கேள்விக்கு விடையாகும். எழுத்தறியாதவருக்குக் குறிப்பேடு பயன்படாது. மேலைநாட்டுக் கையேடுகளை அப்படியே மொழிபெயர்த்து வழங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகையவருக்கு மகளின் குரலில் பதிவுசெய்த அழைப்பு, குறித்த நேரத்தில் கைப்பேசியில் ஒலிக்கலாம்.

தொழிலுக்குத் திரும்புதல் பற்றியும் கூற வேண்டும். பலத்த தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு வரும் ஆபத்து உள்ளதால், கைத்திறன் எஞ்சியிருப்பினும் மரமேறுவது கூடாது. தரையில் செய்யும் தொழில்களில் எது ஏற்றது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தென்னோலை முடைபவர் நடுவில் எழுந்து சென்று திரும்பினாலும், எந்த இடத்தில் விட்டோம் என்பதை முடைந்த கீற்றே காட்டிவிடுகிறது. மாட்டுக்குத் தீவனம் வைப்பதில் அவ்வசதி குறைவு; தின்று தீர்ந்த தொட்டியைக் கண்டு மறுபடியும் வைத்துவிடுவார். செய்த பகுதி கண்ணுக்குத் தெரியும் தொழில்களைத் தேர்ந்தெடுப்பதும், மற்றவற்றில் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போன்ற அடையாளத்தைச் சேர்ப்பதும் வேலைவாய்ப்பு அலுவலர்கள் மனங்கொள்ளத்தக்கவை.

எந்த மொழியில் சோதிப்பது?

நினைவாற்றல் சோதனைகளுள் பெரும்பாலானவை சொற்களைக் கொண்டவை. பதினைந்து சொற்களை வாசித்துக்காட்டித் திரும்பச் சொல்லக் கேட்பதும், சிறுகதை ஒன்றைச் சொல்லி அரைமணி கழித்துக் கேட்பதும் வழக்கம். எல்லைப்புறத்தவரை எந்த மொழியில் சோதிப்பது? மலையாளத்தில் ‘கசேர’ என வாசிக்கப்பட்டதை அவர் ‘சேர்’ எனத் திரும்பச் சொன்னால் மதிப்பெண் உண்டா, இல்லையா? தமிழ்நாட்டு மருத்துவமனையில் ‘நாற்காலி’ என்னும் எழுத்துவழக்குச் சொல்லைக் கொண்ட பட்டியல் தரப்பட்டாலும் இதே இடர் உள்ளது. அவர் வீட்டில் அச்சொல் புழங்குவதில்லை. சோதனையில் குறைந்த மதிப்பெண் பெறுவது மூளையின் குறையா, பட்டியலின் குறையா என்று பிரித்தறிய இயலாமற்போகிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பி.எஸ். மதுரநாத் குழுவினர், முதுமை மறதியை அறியும் ஆங்கிலச் சோதனை ஒன்றை மலையாள மக்களின் மொழிக்கும் கல்விநிலைக்கும் ஏற்ப மாற்றியமைத்தனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது என்பதற்கு அம்முயற்சியே சான்று. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி வட்டாரத்துத் தமிழுக்கும் தேவிகுளம் தோட்டத் தமிழுக்கும் அத்தகைய தழுவல் தேவைப்படுகிறது.

சிகிச்சையில் மொழியின் பங்கு சோதனையினும் பெரிது. பன்மொழி அறிந்தவர் பேச்சிழந்தால் முதலில் மீள்வது தாய்மொழி என ரீபோவும், அதிகம் புழங்கிய மொழி என 1895-இல் பீத்ரும் கருதினர். எல்லைப்புறத் தமிழருக்குப் பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்க வேண்டி அளிக்கும் முறையீட்டை மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையைத் தருகிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு கூறுகிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. கடிதத்துக்கும் பள்ளிக்கும் ஏற்கப்பட்ட நெறியை மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் நீட்டிப்பது முறையே.

சட்டத்தின் கண்ணில்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக உயர்த்தியது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ளோர் பல சலுகைகளுக்கு உரியவராகின்றனர். அவ்விருபத்தொன்றில் மூளைக்காயம் தனியே பெயர் பெறவில்லை. ஆயினும் கதவு அடைபட்டுவிடவில்லை. மனநோய்க்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் நினைவுக் குலைவும் இடம்பெறுகிறது. நாட்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற வகையில் இரு நோய்கள் குறிக்கப்படினும், அவற்றின் முன் ‘போன்ற’ எனப் பொருள்படும் சொல் உள்ளது. மத்திய அரசு பிற வகைகளை அறிவிக்கவும் அட்டவணை இடமளிக்கிறது. சட்டத்தில் இடமிருந்தும், கைகால் நலமுள்ள ஒருவரைச் சான்றிதழ்க் குழு முன் நிறுத்தி அவர் குறையை மெய்ப்பிப்பது குடும்பத்தின் பொறுப்பாக உள்ளது. ஐந்து நிமிட உரையாடலில் அவர் நன்றாகவே பேசுவார். அக்குழுவிடமே அடுத்த நாள் அழைத்துச் சென்றால், முந்தைய நாள் வந்ததை மறுப்பார். அமெரிக்க நாடு 1990-இலேயே மாணவர்களுக்கான தன் சிறப்புக் கல்விச் சட்டத்தில் மூளைக்காயத்தைத் தனி வகையாகச் சேர்த்தது. நம் அட்டவணையிலும் அதற்குத் தனிப்பெயர் தருவது தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

தொழில் விபத்து இழப்பீட்டுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டமே நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. பனை இன மரங்களில் கள் இறக்கும் தொழிலையும் உள்ளடக்கிய அப்பழைய சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீத வருவாய்த்திறன் இழப்பு எனக் கணக்கிட்டது. நினைவாற்றல் இழப்புக்கு அதில் தனி வரி கிடையாது; மருத்துவரின் மதிப்பீட்டுக்கே விடப்பட்டது. சாலை விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் நெறியைத் தெளிவாக்கியுள்ளது. உடற்குறையின் சதவீதம் வேறு, அவர் தொழிலில் ஏற்படும் வருவாய்த்திறன் இழப்பு வேறு என 2010-இல் அது விளக்கிற்று. 2020-இல், பன்னிரண்டு வயதில் மூளைக்காயமுற்ற சிறுமியின் வழக்கில், உடனிருந்து பராமரிப்போருக்கான செலவையும் பல ஆண்டுகளுக்குப் பெருக்கிக் கணக்கிட்டது. பராமரிப்பும் உழைப்பே, அதற்கும் விலை உண்டு. நீதிமன்றம் ஏற்ற இக்கணக்கை நம் திட்ட மதிப்பீடுகள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. 2010-இல் கேரளம் தொடங்கிய ‘ஆசுவாச கிரணம்’ திட்டம், படுக்கையிலுள்ளோர் போன்றோரைப் பராமரிப்பவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை என வகுத்தது. தொகை சிறிதாயினும் கொள்கை பெரிது. நடமாடும் உடலோடு நினைவை மட்டும் இழந்தவரைப் பராமரிப்போரும் அத்தகைய உதவிக்கு உரியவரே.

யார் செய்வது?

ஊராட்சிதோறும் நரம்பு உளவியல் வல்லுநரை நியமிப்பது இன்றைய நிலையில் இயலாது. அதற்குத் தேவையுமில்லை. 2008-இல் கேரளம் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. அதன் பின் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் வீடுவீடாகச் செல்லும் முறை மாநிலமெங்கும் பரவியுள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். வீட்டு வாசலை அடைவதற்கான செலவை இரு மாநிலங்களும் ஏற்கெனவே செய்துவருகின்றன. தலைக்காயமுற்றோர் வீட்டையும் அவ்வழியில் சேர்த்துக்கொள்வதால் ஏற்படும் கூடுதல் செலவு, செவிலியருக்குச் சில நாள் பயிற்சியும் கூடுதல் வருகைக்கான நேரமுமே. ஐயம் எழும்போது மருத்துவக் கல்லூரியின் வல்லுநரைத் தொலைபேசி வழியே கலந்துகொள்ளலாம்.

இதற்கு முன்தேவையாக ஒரு நிர்வாக ஏற்பாடு வேண்டும். கோயம்புத்தூரில் சிகிச்சை பெற்று வெளியேறும் எருத்தேன்பதிவாசியைப் பற்றிய தகவல் இன்று அவர் கையிலுள்ள சீட்டோடு மட்டுமே எல்லையைக் கடக்கிறது. அச்சீட்டை வைத்த இடத்தை அவர் மறந்துவிடக்கூடும் என்பதே இந்நோயின் இயல்பு. நோயாளியின் இசைவோடு, வெளியேற்றும் மருத்துவமனை அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரே ஒரு படியை அனுப்பும் முறையை இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் உடன்பாட்டின் மூலம் ஏற்படுத்தலாம். அப்படியில் காயமுற்ற நாள், நினைவு தொடர்ச்சி பெற்ற நாள், உட்கொள்ளும் மருந்து, வீட்டில் பேசும் மொழி, எழுத்தறிவு, முன்பு செய்த தொழில் ஆகிய ஆறு செய்திகள் இருந்தால் போதும்.

முதல் வருகையில் செவிலியர் செய்ய வேண்டியது, குடும்பத்தோடு அமர்ந்து மூன்று செயல்களைத் தேர்வது. மருந்தைத் தாமே எடுத்தல், அடுப்பை அணைத்தல், கடைக்குச் சென்று வீடு திரும்புதல் என்பன போன்று அவை அக்குடும்பத்துக்கு உடனடியாகத் தேவைப்படுவனவாக இருக்க வேண்டும். வாரந்தோறும் பதிவேட்டில் ஒவ்வொன்றின் எதிரிலும் ‘தாமாகச் செய்தார்’, ‘நினைவூட்டியபின் செய்தார்’, ‘பிறர் செய்தனர்’ என்னும் மூன்று கட்டங்களுள் ஒன்றில் குறியிடலாம். மனைவி எந்த வாரத்தில் மீண்டும் கூலி வேலைக்குச் சென்றார் என்பதற்கும் அப்பதிவேட்டில் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும்.